பதினொரு கட்டத்தில் மாமல்லபுரம்

வெளியூரிலிருந்து வரும் நண்பர் ஒருவரை மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். யானையைப் பார்ப்பார், படம் எடுத்துக்கொள்வார், இளநீர் குடிக்கப் போய்விடுவார். யானைக்கு அருகே, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் கண்டிருக்க மாட்டார். காட்டுவதற்கு ஆளில்லை. சென்ற விடுமுறையில் எனக்கொரு விபரீத ஆசை பிறந்தது. அந்தப் பாறையின் படத்தை ஒரு வலைப்பக்கத்தில் இட்டு, விரலால் தொட்ட உருவத்தின் பெயர் தமிழில் தோன்றும்படி செய்தால் என்ன?

செய்வது அப்படியொன்றும் கடினமன்று. படத்தின்மேல் உருவங்களின் ஓரத்தை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் வரைந்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சில வரிகள் எழுதினால் போதும். வலையின் அடிப்படை நிரல்களை 1993-இல் செர்ன் ஆய்வுக்கூடம் காசு கேட்காமல் உலகுக்கே கொடுத்துவிட்டது. ஆகவே செங்கல்பட்டு மாணவனுக்கும் இதில் செலவில்லை. கைப்பேசிக் கட்டணம் நீங்கலாக!

இடர்ப்பாடு வேறிடத்தில் வந்தது. குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டும் சேர்த்தேன். ஊர்ப்பெயரின் எழுத்துகளைக் கலைத்துக் கட்டங்களில் போடும். அவர்கள் வரிசையாக அடுக்க வேண்டும். ‘மாமல்லபுரம்’ என்று கொடுத்தேன். நம் கணக்கில் ஏழு எழுத்து. கணிப்பொறி பதினொரு கட்டம் போட்டது! துணைக்கால் ஒரு கட்டத்தில் அநாதையாக நின்றது. புள்ளிகள் இரண்டு வேறு கட்டங்களில், புள்ளிவட்டத்தின் தலையில் உட்கார்ந்திருந்தன. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டேன். அது எழுதித் தந்த நிரல் ஆங்கிலப் பெயருக்கு வெகு அழகாக ஓடியது. தமிழுக்கு மறுபடியும் பதினொன்று. நான்கு இரவுகள் போயின.

பிறகு ஒரு ஞாயிறு, தாம்பரம் பக்கத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சிலர் கூடுவதாகக் கேள்விப்பட்டு ரயிலேறினேன். தேநீர் ஆறுவதற்குள் விடை கிடைத்தது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. ‘மா’ என்பது மகரமும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவே சேமிக்கப்படுகிறது. ‘ல்’ என்பது லகரமும் புள்ளியும். நிரல் எண்ணியது குறிகளை. நான் எதிர்பார்த்தது எழுத்துகளை. எழுத்தெழுத்தாகப் பிரிக்க உலாவிக்குள்ளேயே செக்மென்டர் என்ற கருவி இருக்கிறதாம். பைத்தான் மொழிக்கு ஓப்பன் தமிழ் என்ற நூலகம் இருக்கிறதாம். அங்கிருந்த ஒருவர், ‘எனக்கும் இதே புள்ளிதான் தம்பி, ஒரு வாரம் தூக்கம் போச்சு’ என்றார். அந்த ஒரு சொல் எனக்கு நிரலைவிடப் பெரிதாக இருந்தது.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில் என் மாமா வேலை செய்கிறார். அங்கே பழகுகிற பையனின் உளி பிசகினால் அடுத்த கல்லில் இருப்பவர் ஓசையிலேயே கண்டுகொள்வார். நாமோ கணிப்பொறியை ஆளுக்கொரு மூலையில் தனித்திருந்து கற்கிறோம். புதிய கருவிகளைச் செய்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள். நம் புள்ளியும் கொம்பும் அவர்கள் மேசைக்குத் தாமாகப் போய்ச் சேரா. தமிழை வைத்து ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறதென்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு நாலுபேர் ஒன்றாக உட்கார வேண்டாமா? காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவை இதைச் செய்து வருகின்றன. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் நிரல் நுட்பங்களைத் தமிழிலேயே எழுதுகிறது. ‘வேலைக்கு உதவுமா?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: உதவலாம், உதவாமலும் போகலாம், நான் ரயிலேறியது அதற்காக அன்று.

நம் பேராசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், இரண்டு மணி நேரம், கணிப்பொறி ஆய்வுக்கூடத்தை இப்படியொரு கூட்டத்துக்குத் தர வேண்டும். ஆனால் கணிப்பொறித் துறையினர் மட்டும் கூடினால் பயனில்லை. அந்தப் பாறை அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்கிய கதையா என்ற வழக்கே இன்னும் தீர்ந்தபாடில்லை. வரலாற்றுத் துறை நண்பர்கள் வந்தால்தான் என் பக்கத்துக்குத் தலைப்பே வைக்க முடியும்! தமிழ்த் துறையினர் வந்தால், இப்போது நான் எழுதி வைத்திருக்கும் ‘பூனை, எலிகள்’ என்ற மூன்றாம் வகுப்புக் குறிப்பைத் திருத்தித் தருவார்கள். வலைப்பக்கம் முடிவடையாமல் அப்படியே இருக்கிறது. கட்டங்கள் மட்டும் இப்போது ஏழு.