மூலாதாரமும் வாழ்வின் திடமும்

முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரச் சக்கரம் அடைபட்டுப் போவதனாலேயே மனிதனுக்கு அச்சமும் பணக்கஷ்டமும் நிலையின்மையும் விளைகின்றன என்றும், சிவப்பு வஸ்திரம் உடுத்துச் செந்நிறக் கல் அணிந்து 'லம்' என்னும் பீஜத்தை ஜபித்து அதனைச் சமன்படுத்திவிட்டால் வாழ்வு திடப்பட்டுவிடும் என்றும் கைப்பேசி வழியே பரவும் பிரசாரம் ஒன்று, திருவாடானைச் சீமை வரையில் வந்துவிட்டது. அதன் வாதங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

இம்முறை முழுவதும் ரிஷிகள் வகுத்த புராதன சாஸ்திரம் என்பது முதல் வாதம். ஆதாரங்கள் எனப்படும் ஆறு சக்கரங்களைப் பற்றிய உபதேசம் பழமையானதே. திருமூலரும் அவற்றைப் பாடியிருக்கிறார். ஆனால், வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577-இல் இயற்றியதும், கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த ஜான் உட்ராப் 1919-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதுமான ஷட்சக்ர நிரூபணம், மூலாதாரத்தின் நான்கு இதழ்களைச் சிவப்பென்றும், அதன் நடுவிலுள்ள பிருதிவி என்னும் மண் மண்டலத்தை மஞ்சள் சதுரமென்றும், தொப்புளிலுள்ள மணிபூரகத்தைக் கார்மேக வர்ணமென்றும், நெஞ்சிலுள்ள அநாகதத்தைச் செந்நிறமென்றும் கூறுகிறது. இன்றைய படங்களிலோ மணிபூரகம் மஞ்சள், அநாகதம் பச்சை. வானவில்லின் வரிசையில் ஏழு நிறங்களை அடுக்கும் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் மேல்நாட்டில் உருவானது. 1927-இல் அடையாற்றிலிருந்து சக்கரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், மூலாதாரத்துக்கு அடுத்த சுவாதிஷ்டானத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் மண்ணீரலைச் சேர்த்துக்கொண்டார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

சக்கரம் தேகத்தில் உள்ள ஓர் உறுப்பு, அதில் அடைப்பு நேர்ந்தால் இடுப்பு வலியும் மலச்சிக்கலும் வரும் என்பது இரண்டாவது வாதம். உறுப்பாயின் அதன் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறலாகாது; பௌத்த தந்திரங்களுள் ஹேவஜ்ரம் நான்கு சக்கரங்களையே சொல்லுகிறது. சாதகன் தன் சித்தத்தை ஒருமுகப்படுத்துவதற்காக அமைந்த தியான ஸ்தானங்களுக்கு இந்த வேறுபாடு குறையன்று; வயிறும் இடுப்பும் நோகிறவன் நாட வேண்டியதோ வைத்தியரை.

மூலாதாரத்தைத் தேற்றினால் உலக வாழ்வில் ஸ்திரம் உண்டாகும் என்பது மூன்றாவது வாதம். பிரசாரம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. யோக நூல்களிலே மூலாதாரம் குண்டலினி என்னும் சக்தி உறங்கும் இடம். அதை எழுப்பி, மண்ணின் தத்துவத்தைக் கடந்து மேலே செலுத்துவதே சாதகனின் லட்சியம். அங்கேயே காலூன்றி நிற்பதன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதர் வாதாபி கணபதியை மூலாதாரத்தில் வீற்றிருப்பவராகப் பாடியதும், எதையும் பிள்ளையாரிடம் தொடங்கும் நம் வழக்கமும், மூலாதாரம் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதற்கு ஒத்தவையே. உப்பூரில் மேற்கூரையின்றி வெயிலுகந்து அமர்ந்த விநாயகர் முன் தோப்புக்கரணம் போடும் குடியானவன், அதற்காகத் தன் வயலுக்கு நீர் தேடுவதை நிறுத்திவிடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பி நெல் விதைக்கும் இச்சீமையில், நாற்பத்தெட்டு மடை என்று பேர் பெற்ற இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் நிரம்பாத வருஷத்தில் அவனுக்கு நேரும் அச்சம் நியாயமான அச்சம். அதன் காரணம் வானத்திலும் வரத்துக் காலிலும் கடன் பத்திரத்திலும் இருக்கிறதே தவிர, அவன் முதுகெலும்பின் அடியில் இல்லை. அதனை அவன் உடம்பின் கோளாறாக்கிக் கல் விற்பது, அவன் துயரத்துக்கு அவனையே பொறுப்பாக்குவதாகும்.

அப்படியே அமர்ந்து ஜபித்தவர்கள் அமைதி பெற்றிருக்கிறார்களே என்பது கடைசி வாதம். மறுப்பதற்கில்லை. நிதானமாக மூச்சை விடுவதால் இருதயத் துடிப்பு தணிகிறது, மனமும் சாந்தியடைகிறது. அந்தப் பெருமை மூச்சுக்கும் மௌனத்துக்கும் உரியது; அவற்றுக்கு விலையில்லை.

ஆகவே அன்பர்களே, தியானம் பழக விரும்பினால் தாராளமாகப் பழகுங்கள்; சிவப்புக் கல்லுக்கு வைத்த பணத்தைக் கடனில் கழியுங்கள், ஊர் கூடிக் கண்மாயின் வரத்துக் காலை மழைக்கு முன் தூர் வாருங்கள்.