ஒரே நடையில் ஏற்றும் ஆசை வேண்டாம்

தை பிறந்தால் புதுவயல் அரிசி ஆலைகளை நோக்கி நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டும். சாக்கோட்டை வட்டாரத்தில் 15, 20 ஆண்டு ஓடிய வண்டிகளும் அதில் உண்டு. வண்டி பழசாக இருப்பது தவறல்ல. அதில் அளவு மீறி ஏற்றுவதுதான் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ மூட்டை 100 ஏற்றினால் நெல் மட்டும் 6 டன். டிரெய்லரின் எடை தனி. இழுக்கும் டிராக்டரோ ஏறக்குறைய 2 டன்தான். டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் டிராக்டரின் பின்சக்கர பிரேக்தான் நிறுத்த வேண்டும். 'வண்டி இழுக்கிறதே' என்று நினைக்கிறோம். நிற்குமா என்று நினைப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

கண்மாய்க் கரையில் இறங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். சாலையில் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டர் சக்கரம் பிடிமானம் இழக்கும். கொக்கி ஊசி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், கூடவே ஒரு சங்கிலியும் போடுங்கள். பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை கட்டாயம் வேண்டும்.

டிரைவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசிவிட்டு, "இன்னும் பத்து மூட்டை போடு" என்பது நாம்தான். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசினால் அதே ஆசை டிரைவருக்கு வரும். ஆகவே வாடகை பேசும்போதே ஒரு நடைக்கு எத்தனை மூட்டை என்பதையும் பேசி முடியுங்கள்.

இரண்டாவது நடைக்குச் செலவாகுமே என்பீர்கள். 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இன்னொரு நடை வாடகை அதைவிடக் குறைவு.

மூட்டை மேல் ஆட்களை ஏற்றுவதையும் நிறுத்துங்கள். 2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் அருகே கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெல் கொட்டினால் அள்ளிவிடலாம். களத்து வேலைக்கு வந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.