சங்கு ஊதினால் யாருக்குக் கேட்கும்?

அபாயச் சங்கு ஊதினா ஓடிப்போய்ப் பதுங்கணும். யுத்தம் நடக்கிற ஊரில் இதுதான் முதல் சட்டம். சரி. அந்தச் சங்கே காதில் விழாதவர் என்ன செய்வார்?

உக்ரைன் நாட்டுக்குள் 2022 பிப்ரவரி 24-ந்தேதி ரஷ்யப் படை புகுந்தது. அன்றைக்கே இந்தக் கேள்வி அங்குள்ள காது கேளாதவர்களின் கழுத்தைப் பிடித்தது.

நமக்கு என்றால் முதலில் சங்கு. அப்புறம்தான் வெடி. நடுவில் ஓடுவதற்குக் கொஞ்ச நேரமாவது கிடைக்கும். காது கேளாதவருக்கோ தரை அதிரும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். நெஞ்சில் 'தொம்' என்று ஒரு இடி விழும். அதுதான் அவருக்கு முதல் தகவல். குண்டு விழுந்த பிறகு எச்சரிக்கை!

பகலில் பரவாயில்லை. தெருவில் நாலு பேர் ஓடினால் பார்த்து ஓடலாம். ராத்திரி?

2022 மார்ச்சில், குண்டுவீச்சு அபாயத்தைச் சொல்லும் செல்போன் ஆப் ஒன்று அங்கே வந்தது. போன் அலறும். அலறல் கேட்காதவர்கள் அதிர்வை நம்பினார்கள். தலையணைக்கு அடியில் போனை வைத்துப் படுத்தார்கள். அதிரும் கடிகாரத்தைக் கையில் கட்டிப் படுத்தவர்களும் உண்டு. வீட்டில் காது கேட்கிற பிள்ளை இருந்தால் அதுதான் சங்கு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அப்பா அம்மாவுக்கு ராத்திரிக் காவல்!

அதுக்கும் வந்தது வேட்டு. 2022 அக்டோபர் 10-ந்தேதியில் இருந்து மின்சார நிலையங்களைக் குறிபார்த்து ரஷ்யா அடித்தது. ஊர் ஊராகக் கரண்ட் போச்சு. போனில் சார்ஜ் இறங்கிப் போச்சு. நாம் என்றால் பாதாள அறை இருட்டிலும் பேசிக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவருக்குத் தைரியம் சொல்வோம். கைச்சாடையில் பேசுகிறவருக்கு வெளிச்சம் இருந்தால்தான் பேச்சு. 'டார்ச் லைட் பிடிக்கலாமே' என்பீர்கள். ஒரு கையில் டார்ச் இருந்தால் பாதிப் பேச்சு அதோடு போச்சே!

நான் போலீஸ் செய்தி எழுதுகிறவன். துப்பாக்கி பிடித்தவரின் அவசரம் எனக்குத் தெரியும். யுத்த காலத்துச் சோதனைச் சாவடியை நினைத்துப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் 'நில்' என்று ஒரு அதட்டல். எல்லோரும் நிற்கிறார்கள். ஒருத்தர் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறார். சிப்பாய் என்ன நினைப்பான்? 'கையைத் தூக்கு' என்பான். கையால் பேசுகிறவர் கையைத் தூக்கிவிட்டால் வாயைப் பொத்திய மாதிரிதான். அடையாள அட்டையைக் காட்டலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டாரோ, தொலைந்தார்.

இவர்களைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்வதில் எனக்கு இஷ்டம் இல்லை. சங்கு ஒன்றே போதும் என்று முடிவு கட்டுகிறவர்கள் மேல்தான் என் கோபம். விளக்கை மின்ன வைக்கலாம். எந்த வீட்டில் காது கேளாதவர் இருக்கிறார் என்று தெருவாரியாகக் கணக்கு எடுக்கலாம். ஆபத்து வந்தால் கதவைத் தட்டிப் பயன் இல்லை. அதுவும் கேட்காது. உள்ளே போய்த் தோளைத் தொட்டு எழுப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கணும். இதுக்கெல்லாம் கோடி ரூபாய் ஆகாது.

யுத்தம் எங்கோ நடக்கிறது, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2025 மே 7-ந்தேதி மத்திய உள்துறை உத்தரவுப்படி நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தது. சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. எச்சரிக்கைச் சங்கை இயக்கிப் பார்ப்பது அந்த உத்தரவில் முக்கியமான ஒன்று.

அடுத்த ஒத்திகைக்குக் காது கேளாதவர்கள் நாலு பேரையும் கூப்பிடுங்கள், அதிகாரிகளே! அவர்களை ஒரு அறையில் தூங்கச் சொல்லுங்கள். வெளியே சங்கை ஊதுங்கள். எத்தனை நிமிஷத்தில் எழுந்து வருகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.