விரலுக்கேற்ற வீக்கம், பாரத்துக்கேற்ற வண்டி

கடைக்குத் தராசு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமாகிவிட்டது இன்று இரு சக்கர வண்டி. மண்டியிலிருந்து சரக்கு எடுத்து வரவும், வாடிக்கையாளர் வீட்டில் சாமான் இறக்கவும், சுற்று வட்டாரக் கிராமத்துக் கடைகளில் பாக்கி வசூல் செய்யவும் அதுதான் நமக்குக் கையும் காலும். தராசு வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்! எத்தனை கிலோ வரை நிறுக்கும், முத்திரை புதுப்பித்ததா, கிராம் பிசகாமல் காட்டுமா என்றெல்லாம் துருவி விசாரிக்கிறோம். அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வண்டி வாங்கும்போது மட்டும், பக்கத்துக் கடைக்காரர் என்ன வைத்திருக்கிறார், மகன் எதைக் கேட்கிறான், மாதத் தவணை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளோடு முடித்துக்கொள்கிறோம். நமது தொழிலுக்கு எத்தனை சி.சி. வண்டி தேவை என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டாக வேண்டும் என்பதே நமது கருத்து.

முதலில் சி.சி. என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்வோம். என்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கன அளவே அது. இடம் பெரிதானால் ஒவ்வொரு முறையும் அதிகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும், அதிகச் சக்தி வெளியே வரும். ஆனால் சி.சி. ஒன்றை வைத்து வண்டியை எடை போட முடியாது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டி 99.7 சி.சி. ஸ்பிளெண்டர் 97.2 சி.சி. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஸ்பிளெண்டர் சுமார் 8 குதிரைத்திறன் தருகிறது, எக்ஸ்.எல். தருவது அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். அப்படியானால் எக்ஸ்.எல். மட்டமான வண்டியா? இல்லை. அதன் இழுவிசை நிமிடத்துக்கு 3500 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிறது. ஸ்பிளெண்டருக்கு அது 6000 சுற்றில்தான் வருகிறது. நெரிசலான கடைவீதியில், மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போகிறவருக்கு மெதுவான ஓட்டத்தில் இழுக்கும் வண்டியே உதவும். கிராமம் கிராமமாக 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு நாலு கியர் வண்டி உதவும். எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி, எது எதற்கு என்பதே கேள்வி.

நமது வியாபாரிகள் சைக்கிளிலிருந்து ஏறி வந்த வழியைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். கேரியரில் அரிசி மூட்டையும் பக்கத்தில் எண்ணெய் டின்னும் தொங்கவிட்டு, ஐம்பதே சி.சி.யில் ஒரு தலைமுறை மளிகைக் கடைக்காரர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார்கள். 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை, மைலேஜும் அதிகம். 1994இல் ஸ்பிளெண்டர் வந்தது. 2001இல் பல்சர் 150, 180 வந்த பிறகுதான் பெரிய என்ஜின் ஆசை நம் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. புகை விதிகள் கடுமையாகக் கடுமையாக இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் விடைபெற்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்து, வண்டிகளின் விலையும் ஏறியது. ஆகவே, தவறான வண்டி வாங்கிவிட்டு மாற்றுவதற்கு ஆகும் நஷ்டமும் முன்பைவிட இன்று அதிகம்.

இனி நமது ஊர்க் கணக்குக்கு வருவோம். ஆரணியில் வண்டியை நம்பித் தொழில் செய்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மளிகை மற்றும் சில்லறை வியாபாரிகள். ஊருக்குள் தினமும் 15, 20 கிலோமீட்டர்தான் ஓட்டம். ஆனால் பாரம் அதிகம். சர்க்கரை மூட்டை 50 கிலோ, அரிசிச் சிப்பம் 25 கிலோ, எண்ணெய் டின் 15 கிலோ. இவர்களுக்குக் கால் வைக்கும் இடத்தில் தட்டையான இடம் உள்ள 100 சி.சி. மொபெட்டே சரியான வண்டி. மூட்டை முன்னால், தாழ்வாக இருப்பதால் வண்டி ஆடாது. ஏற்றி இறக்குவதும் சுலபம்.

இரண்டாவது வகை, பட்டுத் தொழிலில் இருப்பவர்கள். இவர்களுக்குப் பாரம் ஒரு பொருட்டே அல்ல. பாவும் ஊடையும் சில கிலோதான். இருபது சேலைகளைக் கட்டினாலும் 20 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் மதிப்பு லட்சக்கணக்கில். தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற நெசவாளர் ஊர்களுக்குத் தினமும் போய் வர வேண்டும். மழையும் செயின் ஆயிலும் சேலையில் படக்கூடாது. இவர்களுக்கு 100 அல்லது 110 சி.சி. வண்டியும், பூட்டு போட்ட நல்ல பெட்டியும் போதும். பெரிய என்ஜினுக்குக் கொடுக்கும் பணத்தைப் பெட்டிக்கும் சரக்குக் காப்பீட்டுக்கும் கொடுத்தால் பட்டுக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது வகை, தூரமும் ஏற்றமும் உள்ளவர்கள். சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் வேலூருக்கோ, சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் காஞ்சிபுரத்துக்கோ வாரத்தில் பல நாள் போகிறவர்கள், போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை, தேன், புளி கொள்முதல் செய்கிறவர்கள் இதில் அடங்குவர். மலை ஏற்றத்தில் பாரத்தோடு 100 சி.சி. வண்டியை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்க வைத்தால் என்ஜின் சூடாகும், ஆயில் இளகும், கிளட்ச் தேயும். இவர்கள் 125 சி.சி. வாங்குவது ஊதாரித்தனம் அல்ல. அது செட்டான செலவு.

இந்த மூன்று வகையிலும் சேராமல் 200, 350 சி.சி. வாங்க நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 13 லிட்டர் போதும். 35 கொடுக்கும் வண்டிக்கு 22 லிட்டருக்கு மேல் வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 900 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வருடத்துக்குப் பதினோராயிரம். மளிகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், இந்தப் பதினோராயிரத்தைச் சம்பாதிக்க இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். அந்த விற்பனை முழுவதும் பெட்ரோல் டாங்குக்கே போகிறது என்று அர்த்தம். இதில் டயர், பிரேக் கட்டை, சர்வீஸ் கணக்கைச் சேர்க்கவில்லை.

காப்பீட்டிலும் சி.சி. பார்த்துத்தான் பணம் கேட்கிறார்கள். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வருடக் கட்டணம் 75க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய். 150க்கு மேல் 350 வரை 1366 ரூபாய். 350ஐத் தாண்டினால் 2804 ரூபாய். ஆகவே 149 சி.சி. வண்டிக்கும் 160 சி.சி. வண்டிக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டாலும் காப்பீட்டுச் சீட்டில் தெரியும். வரியில் வேறு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆக்கினார்கள். வரி குறைந்ததைச் சாக்காக வைத்துப் பெரிய வண்டிக்குப் போகாமல், அந்த மிச்சத்தைக் கைமுதலில் சேர்ப்பதே வியாபாரிக்கு அழகு.

பெரிய என்ஜின் என்றால் அதிகப் பாரம் தாங்கும் என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். இது சரியல்ல. என்ஜின் இழுக்கிறது, அவ்வளவுதான். பாரத்தைத் தாங்குபவை சட்டம், ஷாக் அப்சார்பர், டயர், சக்கரக் கம்பிகள். நிறுத்துவது பிரேக். வண்டியோடு தரும் புத்தகத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். பல வண்டிகளில் அது ஓட்டுகிறவரையும் சேர்த்துச் சுமார் 130 முதல் 150 கிலோதான். 70 கிலோ ஆள் ஒருவர், ஒரு சர்க்கரை மூட்டை, ஓர் எண்ணெய் டின் வைத்தால் 135 கிலோ ஆகிவிட்டது. அதற்கு மேல் பின்னால் ஒரு சிப்பத்தைக் கட்டி, அதன்மேல் கடைப் பையனையும் உட்கார வைத்தால், திடீரென்று குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும்போது பிரேக் என்ன செய்யும்? மொத்த எடை இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய வேகச் சக்தியும் இரண்டு மடங்காகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகிறது. பெரிய என்ஜின் வாங்கி அதே பாரத்தை இன்னும் வேகமாக ஓட்டுகிறவர் ஆபத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறார்.

கடைப் பையன் என்றதும் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 16 வயதுப் பையன் ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே, அதற்கும் உரிமம் வேண்டும். பழைய ஐம்பது சி.சி. மொபெட்டின் நினைப்பிலேயே இன்றைய 100 சி.சி. மொபெட்டைப் பையன்கள் கையில் கொடுத்து அனுப்பும் கடைகள் நமது ஊரில் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால் வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். வயது வந்தவரானாலும் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. நாற்பது வருடம் சேர்த்த கடை ஒரே நாளில் போய்விடும். பணம் போனாலும் சம்பாதிக்கலாம், பையனுடைய உயிருக்கு யார் ஈடு சொல்வது?

வீட்டுப் பிள்ளைகளின் ஆசையை நாம் குறை சொல்லவில்லை. வாலிபத்தில் புல்லட் மீது ஆசை வராதவர் யார்? ஆனால் 349 சி.சி. புல்லட் ஏறக்குறைய 195 கிலோ எடை. அதைக் கடைவாசலில் ஒரு நாளைக்கு முப்பது முறை ஸ்டாண்டு போட்டு எடுத்துப் பார்த்தால் அது எதற்கான வண்டி என்பது தெரியும். நெடுஞ்சாலையில் நிதானமாக நீண்ட தூரம் போவதற்கு அது நல்ல வண்டி, மூட்டை சுமப்பதற்கு அல்ல. பிள்ளைக்கு வாங்குவதானால் லாபத்திலிருந்து வாங்குங்கள், கைமுதலிலிருந்து வாங்காதீர்கள். கடை வண்டிக் கணக்கையும் வீட்டு வண்டிக் கணக்கையும் ஒரே பேரேட்டில் கலக்காதீர்கள்.

மின்சார வண்டிகளுக்கு சி.சி. கணக்கே கிடையாது. அவற்றின் மோட்டார் புறப்படும்போதே முழு இழுவிசை தருவதால் ஊருக்குள் நின்று நின்று ஓட்டும் டெலிவரிக்கு ஏற்றவை. பக்கத்து ராணிப்பேட்டையிலேயே 2021இல் இதற்கு ஒரு தொழிற்சாலை வந்தது. ஆனால் ஒரு சார்ஜில் பாரத்தோடு எத்தனை கிலோமீட்டர் போகும், பாட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவு செய்வது நல்லது.

கடைசியாக நமது யோசனைகள் மூன்று. ஒன்று, புது வண்டி வாங்கும் முன் ஒரு மாதம் நாள்கணக்கில் மூன்று எண்களை எழுதி வாருங்கள்: அன்று ஓடிய தூரம், அன்று ஏற்றிய அதிகபட்ச பாரம், நின்று எடுத்த இடங்கள். மாதக் கடைசியில் எந்த வண்டி வேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். இரண்டு, தினமும் 150 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் இரு சக்கரத்தை நம்பாதீர்கள். ஒரே தெருவிலுள்ள நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சரக்கு ஆட்டோவை மாத வாடகைக்கு அமர்த்தினால் ஆளுக்குச் செலவு குறையும், முதுகு எலும்பும் பிழைக்கும். மூன்று, சங்கம் வருடத்தில் ஒரு நாளாவது உறுப்பினர் கடைகளில் வண்டி ஓட்டும் பணியாளர்களின் உரிமம், காப்பீடு, பிரேக், டயர் நான்கையும் பரிசோதிக்கும் முகாம் நடத்த வேண்டும். அதற்கு நாம் ஒவ்வொருவரும் நமது வண்டியோடும் பணியாளரோடும் தவறாமல் வந்து சேர வேண்டும்.

சரக்கை நிறுக்காமல் விற்பவன் வியாபாரி அல்ல. தன் தேவையை நிறுக்காமல் வண்டி வாங்குகிறவனும் அப்படித்தான். ஷோரூமுக்குள் நுழையும் முன் நமது தராசில் நமது தேவையை ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவோம்.