நடை தூரத்தில் ஒரு வாடகை வீடு: கொழும்புத் தமிழர் யாரிடம் முறையிடுவது?

வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஒருவருக்கு வாழ்க்கைக்கு வேண்டிய அத்தனையும் நடை தூரத்தில் இருக்கின்றன. மரக்கறி, மருந்து, வங்கி, இராமகிருஷ்ண மிஷன், ருத்ரா மாவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், ஒழுங்கைக்கு ஒழுங்கை டியூட்டரி. கடற்கரைப் பக்கம் நடந்தால் புகையிரத நிலையம். ரயில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி கடந்து கோட்டை. காலி வீதியில் புறக்கோட்டைக்கு 100ம் 101ம் ஓடுகின்றன. 141 நாரஹேன்பிட்டிக்குப் போகிறது. 155 பம்பலப்பிட்டியால் திரும்பி, நகரை ஊடறுத்து, கொட்டாஞ்சேனை வழியாக மட்டக்குளிக்குப் போகிறது.

கொட்டாஞ்சேனையில் ரயில் இல்லை. ஆனால் புறக்கோட்டையும் துறைமுகமும் செட்டியார் தெருவும் அருகில். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாகனம் தேவையில்லை. கார் வாங்க வழியில்லாத குடும்பம் மரியாதையாக வாழக்கூடிய இடங்கள் இலங்கையில் மிகச் சில. இந்த இரண்டும் அவற்றில் சேர்ந்தவை.

ஆனால் காரில்லாத குடும்பத்தால் இன்று இங்கே குடியிருக்க முடியவில்லை. பஸ்ஸும் ரயிலும் யாருக்கு அவசியமோ அவர்கள் வாடகை தாங்காமல் தள்ளிப் போகிறார்கள். யாருக்குக் காரும் சாரதியும் உண்டோ அவர்களுக்காகப் புகையிரத நிலையத்தின் வாசல் வரை மாடிகள் எழுகின்றன. சந்தை விலை அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. இது அரசின் கொள்கையும் மாநகர சபையின் அலட்சியமும் சேர்ந்து உண்டாக்கிய குறை. மாற்றக்கூடிய குறை.

மலிவான வீட்டின் உண்மையான விலை

2026 ஜனவரியிலிருந்து தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. புறக்கோட்டைப் புடவைக்கடையிலோ வெள்ளவத்தை நகைக்கடையிலோ நிற்கும் ஒருவர் அந்தச் சம்பளத்தை ஒரு சதமும் மிச்சமில்லாமல் நீட்டினாலும் காலி வீதியை அண்டி இரண்டு அறை வீடு கிடைக்காது. அவரைப் போல இரண்டு பேர் உழைத்தாலும் கடினம். வாடகைக்கு முன்னால் அட்வான்ஸ் நிற்கிறது. ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம் முழுவதும் கையில் கேட்கிறார்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை. தொடர்மாடியானால் லிப்டுக்கும் காவலுக்கும் மாதாந்தக் கட்டணம் தனி. நகையை அடகு வைக்காமல் வீடு மாறியவர்கள் குறைவு.

ஆகவே வத்தளைக்கும் ஹெந்தளைக்கும் இரத்மலானைக்கும் போகிறார்கள். அங்கே வாடகை குறைவுதான். ஆனால் வாடகையைப் பயணச் செலவோடு சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். காலையில் பேலியகொடையில் நெரிசலில் நிற்கும் நேரமும் ஒரு செலவு. இரவு ஒன்பது மணிக்குக் கடை பூட்டிய பிறகு பஸ் அரிதாகிவிடும். வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு ஓட்டோ பிடிப்பதைத் தவிர வழியில்லை. பிள்ளை டியூட்டரி முடித்துத் தனியாக வரமுடியாமல் தாய் வேலையை விட்டு நிற்பதும் உண்டு. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் தூரத்து வீடு மலிவல்ல.

ஏன் இப்படி ஆனது

வெள்ளவத்தையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது யுத்தம். 1983 ஜூலையில் எரிந்த வீடுகளுக்குத் திரும்பி வந்தவர்களும், அதன்பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களும், வெளிநாடு போவதற்குத் தங்கியவர்களும் இங்கே கூடினார்கள். முற்றமும் மாமரமும் இருந்த தனி வீடுகள் இடிக்கப்பட்டன. 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டம் மாடி மாடியாக விற்க வழி வைத்திருந்தது. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் உழைத்த பணம் அந்த மாடிகளை வாங்கியது. நெருக்கடிக் காலத்தில் அது பல குடும்பங்களுக்கு நிழல் தந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

இன்று அந்த வீடுகளில் கணிசமானவை பூட்டிக் கிடக்கின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது தங்குவதற்காக வருடம் முழுவதும் பூட்டு. வேறு பல நாள் வாடகைக்குப் போகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பம் ஒரு வாரத்துக்குக் கொடுப்பது இங்குள்ள குடும்பம் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை எட்டிவிடுகிறது. மாத வாடகைக்கு விட உரிமையாளருக்கு என்ன அவசியம்?

வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இருந்த பெருநிலத்தில் இன்று நிற்பது ஹவ்லொக் சிட்டி. ஒரு காலத்தில் தொழிலாளர் வேலைக்கு நடந்து போன நிலம் அது. அங்கே எழுந்த மாடங்களில் சாதாரணச் சம்பளக்காரருக்கு என ஒரு பங்கை ஒதுக்கும்படி இந்த நாட்டின் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. காலி வீதியிலும் கரையோர வீதியிலும் புதிதாக எழும் எந்தக் கட்டடத்திடமும் இன்றுவரை கேட்கப்படவில்லை.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு, முடிவு ஒன்று

வடகொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் பழைய நெருக்கமான குடியிருப்புகளில், பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையுமாக, தலைமுறைகளாக மக்கள் வாழ்கிறார்கள். துறைமுகம், புறக்கோட்டை, மீன்கடை, வீட்டு வேலை எல்லாம் காலடியில் இருப்பதால்தான் அந்த நெருக்கடியைத் தாங்குகிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன்பின் வந்த நகர மீளுருவாக்கத் திட்டம் கொழும்பின் 68,000க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அவர்கள் குடியிருக்கும் ஏறத்தாழ 900 ஏக்கரை விடுவித்து முதலீட்டுக்குக் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

மட்டக்குளியிலும் தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் பன்னிரண்டு மாடிக்கு மேல் கட்டடங்கள் எழுந்தன. கூரை ஒழுகாது, தனிக் கழிப்பறை உண்டு. அது நன்மைதான். ஆனால் தோட்டத்தில் வீட்டு வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கும் ஒரே சிறிய அறைக்கணக்கில் மாற்று வீடு கொடுத்து, அதற்கு ஆண்டுக்கணக்கில் தவணையும் கட்டச் சொன்னால் அதை நிவாரணம் என்று எப்படி ஏற்பது? தோட்டத்தை அது இருக்கும் இடத்திலேயே குழாயும் கழிவுநீரும் கொடுத்துத் திருத்தலாம். 1980களின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில் கொழும்பிலேயே அப்படிச் செய்து பார்த்திருக்கிறோம்.

வாசலில் கேட்கும் கேள்விகள்

பணம் இருந்தாலும் போதாது. “நீங்கள் எவ்விடம்?” “மச்சம் சமைப்பீங்களோ?” “எத்தனை பேர்? ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவினமோ?” வீடு தேடிப் போன எல்லாரும் இவற்றுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். மலையகம் என்று தெரிந்ததும் வீடு ஏற்கனவே போய்விட்டது என்று சொல்லப்படுகிறது. தனியாக வேலை செய்யும் பெண்ணுக்கு வீடு இல்லை. முஸ்லிம் குடும்பத்துக்கு இல்லை. நாம் இந்த நகரத்தில் இனத்தின் பெயரால் அடிபட்டவர்கள். அதே அளவுகோலை நம் வாசலில் வைத்துக்கொள்வது நமக்கு நாமே செய்யும் அநியாயம்.

அரசின் பக்கத்துக் காயமும் ஆறவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் மறுநாளே தடை விதித்தது. நீதிமன்றம் தலையிட்டிருக்காவிட்டால் அது தொடர்ந்திருக்கும். குடியிருப்போர் விவரத்தைப் பொலிஸில் கொடுக்கும் படிவம் இன்றும் வீடு மாறும் தமிழ்க் குடும்பத்தின் வயிற்றைக் கலக்குவதற்கு இந்த நினைவுதான் காரணம்.

சட்டம் யார் பக்கம்?

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் காத்தது. அளவுக்கு மிஞ்சிக் காத்தது என்று சொந்தக்காரர்கள் முறையிட்டதிலும் நியாயம் உண்டு. அற்ப வாடகைக்குப் போன வீட்டை மீட்க வழக்காடி, பேரப்பிள்ளை காலம் வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் புதிய வாடகைகளைப் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டன. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்த வீட்டை உரிமையாளர் விரைவாக மீட்க வழி செய்தது. உரிமையாளரின் பயம் தீர்க்கப்பட்டது. குடியிருப்பவரின் பயத்துக்கு அதே வேகத்தில் எந்தச் சட்டமும் வரவில்லை. வருட முடிவில் வாடகையை இரட்டிப்பாக்கினால் தடுக்க ஆளில்லை. முற்பணம் திரும்பாவிட்டால் நீதிமன்றம் ஏற வசதி வேண்டும்.

இதில் அதிகம் அடிபடுவது பிள்ளை. அரச பாடசாலை முதலாம் தரத்தில் பாதி இடங்கள் அருகில் குடியிருப்போருக்கு. வாக்காளர் இடாப்பில் ஐந்து ஆண்டுப் பதிவும் வீட்டு ஆவணமும் அங்கே புள்ளிகளைத் தீர்மானிக்கின்றன. வாடகைக்காரருக்கு உரிமையாளரை விடக் குறைந்த புள்ளி. அதிலும் பல உரிமையாளர்கள் உடன்படிக்கையைப் பதிவு செய்ய விடுவதில்லை. இடாப்பில் பெயர் போடவும் சம்மதிப்பதில்லை. வருடத்துக்கு வருடம் வீடு மாறும் பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு எதிர் ஒழுங்கையில் வாழ்ந்தும் அருகில் வசிப்பவர் ஆவதில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, மாதிரி வாடகை உடன்படிக்கை ஒன்றைச் சட்டமாக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும், குறைந்தது இரண்டு வருடக் காலம், மூன்று மாதத்துக்கு மேற்படாத முற்பணம், ஆண்டு உயர்வுக்கு ஒரு வரம்பு. தவறும் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் சில வாரங்களில் விசாரித்து முடிக்கும் ஒரு சபை. அதில் பதிவான உடன்படிக்கையைப் பாடசாலை அனுமதிக்கும் வாக்காளர் பதிவுக்கும் முழு ஆதாரமாக ஏற்க வேண்டும்.

இரண்டாவது, பொதுக் காணியில் பொது வாடகை வீடு. கரையோரப் புகையிரதப் பாதையை ஒட்டியும் பஸ் டிப்போக்களிலும் அரச காணி உண்டு. பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளும் மாளிகாவத்தைத் தொடர்மாடிகளும் அரசு கட்டியவைதான். இன்றும் அங்கே நடுத்தரக் குடும்பங்கள் பஸ்ஸுக்கும் பாடசாலைக்கும் அருகில் வாழ்கின்றன. சிங்கப்பூர் 1960இல் வீடமைப்புச் சபையைத் தொடங்கி, பின்பு ரயில் நிலையங்களைச் சுற்றி நகர்களை அமைத்தது. இன்று அங்கே பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய வீட்டில் வாழ்கிறார்கள். அந்த அளவுக்கு இங்கே பணமில்லை என்பார்கள். காணி இருக்கிறது. அதை உயர்விலைக்கு விற்பதற்கு முன் ஒரு பகுதியை வாடகை வீட்டுக்கென ஒதுக்குவதற்குத் தேவைப்படுவது தீர்மானம் மட்டும். தனியார் பெருங்கட்டட அனுமதிக்கும் இதே நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் நாள் வாடகை வீட்டுக்கும் கூடுதல் சோலைவரி. கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் வெற்று வீட்டு வரி அறவிடுகிறது. நம்மவர் பலர் அந்த நாட்டில் வரி கட்டிப் பழகியவர்கள். ஆண்டு முழுவதும் குடும்பத்துக்கு விடுபவருக்குச் சோலைவரியில் சலுகை கொடுத்தால் பல பூட்டுகள் திறக்கும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையென்றால் மாநகர சபை தீர்மானம் எடுத்துப் பாராளுமன்றத்தைக் கேட்கட்டும்.

நான்காவது, நடக்கும் வசதியைக் காப்பது. ஒழுங்கைகளில் நடைபாதை முழுவதும் வாகனம் நிற்கிறது. முதியவரும் பள்ளிப் பிள்ளையும் வீதியில் இறங்கி நடக்கிறார்கள். 155 போன்ற தடங்களில் இரவு பத்தரை வரை நிச்சயமான பஸ் ஓட வேண்டும். வடகொழும்புத் தோட்டங்களில் வாழ்பவர்களின் எழுத்துமூலச் சம்மதமின்றி எவரையும் அகற்றக் கூடாது. பொலிஸ் படிவம் தமிழில் இருக்க வேண்டும். இனம் கேட்காமல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. கோயில் அறங்காவலர் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உரிமையாளர்களை நேரில் கேட்கலாம்: உங்கள் வீட்டை இரண்டு வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள், ஊரும் மதமும் கேட்காதீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள நாங்கள் பொறுப்பு. இது ஒரு சங்கத்தின் ஒரு வருட வேலைத்திட்டத்துக்குள் அடங்கும்.

கொழும்பு நகரில் ஏறக்குறைய பத்தில் மூவர் தமிழர். வாக்குக் கேட்டு நம் ஒழுங்கைகளுக்கு வந்த மாநகர சபை உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் உரிமைகளைப் பற்றிப் பேசினார்கள். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகைக்கு ஒரு வீடும் உரிமைதான். அடுத்த சபைக் கூட்டத்தில் வெள்ளவத்தை உறுப்பினரும் கொட்டாஞ்சேனை உறுப்பினரும் கட்சி பாராமல் சேர்ந்து இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வரட்டும். கொண்டு வரும்வரை வாடகைக்கு இருப்பவர்கள் நாம் ஒவ்வொரு வட்டாரத்திலும் சங்கமாகச் சேர்ந்து, கையெழுத்திட்ட மனுவோடு அவர்களின் அலுவலகப் படியேற வேண்டும்.