தேங்காய் ஏன் கீழே விழுகிறது?

ஏக இறைவனின் திருப்பெயரால்...

தென்னையிலிருந்து தேங்காய் விழுகிறது. ருகூஉவில் குனியும் சிறுவனின் தொப்பி விழுகிறது. அதிகாலைப் பாடத்தில் மாணவரின் தலையும் மெல்ல மெல்லக் கிதாபை நோக்கி விழுகிறது. மூன்றாவதற்கு உறக்கமே காரணம் என்றாலும், அந்தத் தலை மேலே போகாமல் கீழே மட்டும் போவது ஏன் என்ற கேள்வி எஞ்சத்தான் செய்கிறது. "புவியீர்ப்பு விசை" என்று எந்தப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும். அந்த விசை எப்படி இழுக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை மட்டுமன்று, இயற்பியல் பேராசிரியரும் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் ஒன்று உண்டு, கல் தன் இடத்தை நாடிக் கீழே வருகிறது என்றார் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆட்டைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உலகம் அதை ஏற்றிருந்தது.

பிறகு நியூட்டன் வந்தார். 1687இல் வெளியான தம் நூலில், தேங்காயை இழுக்கும் அதே விசைதான் நிலாவையும் இழுக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால் நிலா ஏன் விழவில்லை? விழுந்துகொண்டுதான் இருக்கிறது! தேங்காய் முதல் ஒரு நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்குகிறது. நிலா ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் பூமியை நோக்கி இறங்குகிறது. அதே நொடியில் அது பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுவதால் தரையை வந்தடையாமல் நம்மைச் சுற்றுகிறது. நாம் அண்ணாந்து தேடும் பிறை, ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு பொருள்!

ஆனால் அந்த விசை எதனால் உண்டாகிறது என்று கேட்டபோது, அதற்கு ஊகம் எதையும் புனைந்து சொல்லமாட்டேன் என்று நியூட்டன் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதிவிட்டார். தொலைதூரத்திலிருந்து கேள்விகளைச் சுமந்து வந்தவரிடம், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்லி அனுப்பிய இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வரலாறு நமக்குப் புதிதன்று. அறிந்தவர்களுக்கே அந்தச் சொல் எளிதாக வருகிறது.

1915இல் ஐன்ஸ்டைன், இழுக்கும் விசை என்ற ஒன்றே இல்லை என்றார். பொருளின் நிறை காலத்தையும் வெளியையும் வளைக்கிறது. அந்த வளைவின் வழியே தேங்காய் தன் போக்கில் செல்கிறது. தரைதான் நம்மை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது அவர் விளக்கம். இதைப் புரியவைக்க ஆசிரியர்கள் ஒரு துணியை இழுத்துக் கட்டி, நடுவில் இரும்புக் குண்டை வைப்பார்கள். துணி குழியும், அருகே உருட்டிவிட்ட கோலி குழியை நோக்கி ஓடும். அழகான விளக்கம்தான். ஆனால் குண்டு துணியை ஏன் அழுத்துகிறது? புவியீர்ப்பினால்! ஈர்ப்பை விளக்குவதற்கு ஈர்ப்பிடமே கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

இதோடும் முடியவில்லை. அணுவின் உள்ளே நடப்பவற்றைச் சொல்லும் குவாண்டம் கோட்பாடும் ஐன்ஸ்டைனின் கோட்பாடும் இன்றுவரை முழுமையாக ஒத்துப்போகவில்லை. பிறை விஷயத்தில் நம் ஜமாஅத்துகளுக்குள் நிலவும் ஒற்றுமையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இந்த இடத்தில் நம்மவர்கள் இரு சாராராகப் பிரிகின்றனர். ஒரு சாரார், "இதெல்லாம் நம் வேதத்தில் அன்றே சொல்லப்பட்டுவிட்டது, நியூட்டனுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர் கண்டுபிடித்துவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி மகிழ்கின்றனர். 12ஆம் நூற்றாண்டில் அல்காஸினீ 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலில் எடைக்கும் மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் அவர் கணிப்பில் மையத்தை விட்டு விலக விலக எடை கூடும். நியூட்டனின் விதிப்படி, பூமியை விட்டு மேலே செல்லச் செல்லக் குறையும். உள்ள சிறப்பைச் சொல்வது கடமை. இல்லாததைச் சேர்ப்பது அந்த அறிஞருக்கே இழைக்கும் அநீதி. மேலும், இன்றைய கோட்பாட்டை இறைவசனத்தின் பொருளாக்கிப் பிள்ளையின் மனத்தில் பதித்துவிட்டால், நாளை கோட்பாடு மாறும்போது அந்தப் பிள்ளை எதைச் சந்தேகிக்கும்?

மற்றொரு சாரார், "மாறிக்கொண்டே இருப்பதெல்லாம் ஓர் அறிவா?" என்று ஒதுக்குகின்றனர். இவர்களில் எவரும் மினாராவின் உச்சியிலிருந்து படிக்கட்டைத் தவிர்த்து இறங்கியதாகச் செய்தி இல்லை. மாறியது விளக்கமே, தேங்காய் விழுவது மாறவில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதையை நம் மார்க்கமே காட்டியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த இழப்புக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசினர். துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை, எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை, அது இறைவனின் அத்தாட்சி என்று திருத்தினார்கள், தொழுகைக்கு வழிகாட்டினார்கள். தமக்குச் சாதகமான தவறான விளக்கத்தையும் மறுத்த உண்மை அது. கிரகணத்தின் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்ததும் இந்த வழியில்தான். ஐன்ஸ்டைனின் கூற்று சோதிக்கப்பட்டதும் 1919இன் ஒரு சூரிய கிரகணத்தில்தான் என்பது இனிய பொருத்தம்.

2007 ரமளானில் மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுக்கூர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. நெற்றி தானாகத் தரையைத் தொடாது. ஆகவே, அங்கே தொழும் முறை பற்றி மலேசிய மார்க்க அறிஞர்கள் முன்கூட்டியே வழிகாட்டுதல் வெளியிட்டனர். சுஜூது என்பது விழுதல் அன்று, பணிதல் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது. தேங்காய்க்கு விழுவதில் விருப்பத் தேர்வு இல்லை. நமக்கு உண்டு.

எனவே பெற்றோரே, பிள்ளை "ஏன் விழுகிறது?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்தவரை சொல்லுங்கள், நியூட்டனையும் ஐன்ஸ்டைனையும் படிக்க விடுங்கள். தெரியாத இடம் வந்தால் தயங்காமல் "தெரியாது" என்று சொல்லுங்கள். பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் வழங்குவானாக! ஆமீன்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.