இருபுற மின்சுற்றுப் பலகையும் எஞ்சிய நீரும்

நம் கலாசாலையில் மின்னணுவியல் பயிலும் மாணாக்கரிடம், "இருபுற மின்சுற்றுப் பலகையை உம் கையாற் செய்ததுண்டோ?" என்று வினவினால், பெரும்பாலார் நகைப்பர். வரைபடத்தைக் கணினி வழியாக அனுப்பிவிட்டால் சீன தேசத்துத் தொழிற்சாலை ஐந்து பலகைகளைச் சொற்ப விலைக்குச் செய்து அனுப்புகின்றதே, அங்ஙனமிருக்க வீட்டில் விரல்களைக் கறைப்படுத்திக்கொள்வது எதற்கு என்பது அவர்தம் கேள்வி. விலையையும் நேர்த்தியையும் மட்டும் நோக்கின் தொழிற்சாலையே வெல்லும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அதனைத் தாமே செய்துபார்த்தல் வேண்டும் என்பதும், அங்ஙனம் செய்வோருக்குக் கலாசாலை ஓர் உதவி புரிதல் வேண்டும் என்பதும் நமது துணிபு.

வியன்னாவிற் பிறந்த பால் ஐஸ்லர் என்பார், 1930களில் இலண்டனில் வாழ்ந்த காலத்து, வானொலிப் பெட்டியின் கம்பிச் சிக்கலுக்கு மாற்றாக அச்சிட்ட தாமிரக் கோடுகளைப் பயன்படுத்த முயன்றார். அம்முயற்சியின் வழிவந்ததே இன்று நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியின் பலகையும். இதன் இலக்கணம் மயிலாப்பூர் வாசிகளுக்கு எளிதில் விளங்கும். மார்கழியில் மாடவீதிகளில் இடும் சிக்குக் கோலத்தில் கோடு கோட்டைக் குறுக்கே கடக்கலாம்; அதுவே அதன் அழகு. மின்சுற்றிலோ ஒரே முகத்தில் இரு கோடுகள் கடந்தால் மின்சாரம் வழிதவறும். ஆதலின் ஒரு கோடு துளை வழியே பலகையின் மறுபுறம் இறங்கி, அப்பால் மீண்டும் ஏறுகின்றது. இருபுறப் பலகையின் தேவை இவ்வளவே.

செய்முறை அரிதன்று. தாமிரம் பூசிய பலகை, துளையூசி, பெர்ரிக் குளோரைடு யாவும் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவிற் கிடைக்கும். இருபுறத்துப் படங்களையும் லேசர் அச்சுப்பொறியால் வழவழப்பான தாளில் அச்சிட்டு, வெளிச்சத்திற்கெதிரே பிடித்து ஒன்றோடொன்று பொருத்தி, மூன்று பக்கமும் ஒட்டி உறைபோலாக்கி, நடுவே பலகையைச் செருகி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மை தாமிரத்திற் படியும். பின்னர் அதனை பெர்ரிக் குளோரைடு கரைசலில் இட, மை மூடாத தாமிரம் கரைந்துபோம். ஆனால் அரை மில்லிமீட்டர் பிசகினும், மேலே வட்டத்தின் நடுவில் இறங்கிய துளையூசி கீழே வட்டத்தின் விளிம்பை அறுத்துக்கொண்டு வெளிவரும். மேற்புறப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடவும் வேண்டும். நாம் முதன்முறை அதனை மறந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீணாயிற்று.

இவ்வித்தை கற்பிப்பது பொறுமையை மட்டுமன்று. தொழிற்சாலையில் துளையின் உட்சுவரிலும் தாமிரம் பூசுவர். வீட்டில் அது இயலாது. ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியைச் செலுத்தி இருபுறமும் ஈயப்பற்று வைத்தல் வேண்டும். இருபது துளைகளுக்கு அங்ஙனம் பற்று வைத்தவன், அடுத்த வரைபடத்தில் அவற்றை எட்டாகக் குறைக்கும் வழியைத் தானே தேடுவான். சிப்பு பொருத்தும் தாங்கியின் அடியில் துளையை வைத்தால் மேற்புறத்திற் பற்றுக்கோல் நுழையாது என்பதையும் அவன் ஒருபோதும் மறவான். கணினித் திரையோ எத்தனை துளைகளை இட்டாலும் முகஞ்சுளிப்பதில்லை.

இனி நம்மை உறுத்துவது எஞ்சிய நீர். பயன்படுத்திய கரைசலிற் கரைந்த தாமிரம் நிறைந்திருக்கும். அடுக்களைத் தொட்டியில் ஊற்றினால் எவர்சில்வரையும் அரிக்கும். தொட்டி கெடுமே என்று அஞ்சித் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றுவாரும் உளர். மயிலாப்பூர்ப் பக்கத்து வடிகால் நீர் பக்கிங்காம் கால்வாயைச் சேர்கின்றது. கால்வாய் அடையாற்றிற் கலக்கின்றது. அடையாற்றின் முகத்துவாரத்தில் மீனும் நீர்ப்பறவையும் இன்னும் எஞ்சியிருப்பதே வியப்பு. தாமிரம் சிறு அளவினும் மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. "ஏற்கெனவே கறுத்த ஆற்றிற்கு எம் ஒரு குவளையால் என்ன வந்தது?" என்று நண்பரொருவர் கேட்டார். அவ்வாறு கேட்போர் அனைவரும் தத்தம் குவளையைக் கவிழ்த்தமையாலன்றோ ஆறு கறுத்தது!

பழைய நீரில் இரும்புத் துண்டுகளை இட்டால் தாமிரம் செந்தூளாய்ப் பிரியும். பின் சலவைச் சோடாவால் புளிப்பையும் போக்கலாம். எனினும் காற்றோட்டமான இடமும் அறிந்தவர் மேற்பார்வையும் இதற்கு வேண்டும். எஞ்சும் சேற்றைக் குப்பைத் தொட்டியில் இடுதலும் தகாது. கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவுகளுக்கென நிலையமொன்று உண்டு. ஆயினும் ஒரு குவளை நீரை ஏந்திக்கொண்டு தனி மாணாக்கனொருவன் அத்துணைத் தொலைவு செல்வானென்று எதிர்பார்ப்பது நகைப்பிற்கிடம். கலாசாலையோ பலருடையதைத் திரட்டி முறைப்படி அனுப்பவல்லது. ஆதலின் நம் இரசாயன ஆய்வுக்கூடத்தின் பின்புறம் மூடியிட்ட பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை வைத்து, மாணாக்கரும் பழைய மாணாக்கரும் வாரத்தில் ஒருநாள் எஞ்சிய நீரைக் கொண்டுவந்து சேர்க்க இசைவளிக்குமாறு அதிகாரிகளை வேண்டுகிறோம். செலவு சொற்பமே. நம் வீட்டில் இரண்டு புட்டிகள் பெயர்ச்சீட்டு ஒட்டப்பெற்று இதற்கெனவே காத்திருக்கின்றன.